வினைமுற்று வரும்வரை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பதிவு செய்த பேட்டிகளை மடிக்கணினியில் ஏற்றி, அவற்றின் எழுத்துப்படியில் ‘அலை’ என்று தேடினேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிப் பேசும் இடங்களை மட்டும் தனியே எடுத்துக் கோர்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வந்து விழுந்த வரிகளில் ஒரு பகுதி கடல் அலையைப் பற்றியது. மீதி வரிகளில் கடலே இல்லை. ‘அலைஞ்சோம்’, ‘அலைஞ்சுக்கிட்டே இருந்தாரு’, ‘அலைய விட்டுட்டாங்க’. பிள்ளையைத் தேடி மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்தவர்கள், நிவாரணச் சீட்டுக்காக அலைந்தவர்கள். கணினிக்கு ‘அலை’ என்பது வரிசையாக வரும் மூன்று குறியெண்கள். பெயர்ச்சொல், வினைச்சொல் பேதம் அதற்குத் தெரியாது. அந்த வரிகளை நான் நீக்கவில்லை. வெட்டி முடித்தபோது படத்தின் நடுப்பகுதியே அவைதான்.

பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தைத் தேடி, கிடைத்த வரிகளின் நேரக்குறிப்பை வைத்து வீடியோவை வெட்டிக் கோர்ப்பது இப்போது உலகெங்கும் நடைமுறையில் இருக்கும் முறை. எடிட்டிங் மென்பொருளைத் திறக்காமல், டெர்மினலில் நாலைந்து கட்டளைகளைத் தட்டியே இதை முடித்துவிடலாம். தமிழுக்கு, அதிலும் கடலூர்க் கரையோரம் பேசும் தமிழுக்கு, இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

யோசனை புதிதன்று. ஆவணப்படக்காரர்கள் ‘பேப்பர் எடிட்’ என்று சொல்வார்கள். பேட்டியை முழுதாகக் கேட்டு, நிமிடமும் நொடியும் போட்டுக் கையால் எழுதி, வேண்டிய வரிகளை அடிக்கோடிட்டு, தாளை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்திய பிறகே எடிட்டரிடம் போவார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க ஒரு பகல் போய்விடும். 2014இல் சாம் லவீன் என்ற கலைஞர் ‘வீடியோகிரெப்’ என்ற சிறு நிரலை வெளியிட்டார். சப்டைட்டில் கோப்பில் ஒரு சொல்லைத் தேடி, அது வரும் இடங்களையெல்லாம் தானே வெட்டி ஒரே வீடியோவாக ஒட்டித் தரும். பின்னர் டிஸ்கிரிப்ட் நிறுவனம் எழுத்தை அழித்தால் ஒலியும் அழியும் மென்பொருளைக் கொண்டுவந்தது. 2023இல் பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் அதே வசதி வந்துசேர்ந்தது.

அந்தப் பெரிய மென்பொருள்களை விட்டுவிட்டு ஏன் கட்டளை வரி? எங்களைப் போன்றோருக்குக் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. கல்லூரி மாணவரிடம் இருக்கும் பழைய மடிக்கணினியில் அவை மூச்சுத் திணறும். மாதச் சந்தா கட்ட முடியாது. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ஆயா நம்மை நம்பிப் பேசிய பேச்சை யாரோ ஒருவருடைய சர்வருக்கு ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் குரல் அவர்கள் அறிந்த கையை விட்டு வெளியே போகக் கூடாது. எஃப்எஃப்எம்பெக், விஸ்பர் போன்ற கருவிகள் நம் கணினியிலேயே, இணையத் தொடர்பு இல்லாமலே ஓடும். எல்லாம் வெற்று எழுத்துக் கோப்பாக இருப்பதால் எந்த வரியை எடுத்தோம், எதை விட்டோம் என்பதற்கும் பதிவு இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து ‘என் பேச்சை எடுத்துருப்பா’ என்று சொன்னால், பட்டியலில் நாலு வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

வேலை நடக்கும் விதம் இது. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கை வைத்து வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்: ஒற்றைத் தடம், நொடிக்கு 16,000 மாதிரிகள், வேவ் கோப்பு. அதை விஸ்பரிடம் கொடுக்க வேண்டும். இது ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட பேச்சறி மாதிரி. பல்கேரியாவின் கியோர்கி கெர்கானோவ் அதைச் சி++இல் மாற்றி எழுதியதால், கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியிலும் ஓடுகிறது. பெரிய மாதிரியை ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு எங்கள் கணினி ஒரு இரவை எடுத்துக்கொள்ளும். காலையில் எஸ்ஆர்டி கோப்பு தயாராக இருக்கும்: வரிசை எண், தொடக்க நேரம், முடிவு நேரம், கீழே பேச்சு. அந்தக் கோப்பைக் கிரெப் என்ற தேடல் கட்டளையால் தேடி, கிடைத்த நேரங்களைப் பட்டியலாக்கி எஃப்எஃப்எம்பெக்கிடம் திருப்பிக் கொடுத்தால் அது வெட்டி ஒட்டிவிடும். இடையில் ஒரு சின்ன முள் உண்டு. எஸ்ஆர்டி நொடிக்குப் பின் காற்புள்ளி போடும், எஃப்எஃப்எம்பெக்குக்குப் புள்ளிதான் வேண்டும். மாற்ற மறந்தால் ஒன்றும் வேலை செய்யாது. முதல் நாள் பாதி அதிலேயே போயிற்று.

இனித் தமிழ். விஸ்பருக்கு மொத்தம் 6,80,000 மணி நேர ஒலியைப் புகட்டினார்கள். எழுத்துப்படியோடு கூடிய ஆங்கிலப் பேச்சு அதில் 4,38,218 மணி நேரம். தமிழ் 136 மணி நேரம். இந்திக்குக் கிடைத்த 12 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் நமக்கு அதிகம்தான், ஆனாலும் 136 மணி நேரம் என்பது ஆறு நாள்கூட இல்லை. அந்த ஆறு நாளில் தேவனாம்பட்டினத்துக் குரல் எத்தனை நொடி இருந்திருக்கும்? இன்னொரு சிக்கலும் உண்டு. விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாகப் பார்க்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை எழுத்துத் துணுக்குகள்தான் எழுதலாம் என்று அதற்கு வரம்பு இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியெண் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் ஒரே துணுக்கில் அடங்கும்போது தமிழ்ச் சொல் பல துணுக்குகளாகச் சிதறுகிறது. மீன் ஏலத்தில் நின்று பழகிய ஒருவர் வேகமாகப் பேசினால் துண்டு முடிவதற்குள் வரம்பு தீர்ந்து, கடைசிச் சில சொற்கள் எழுதப்படாமலே போகலாம். தமிழ் வாக்கியத்தில் கடைசிச் சொல் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டு முயற்சிகளும் சிறியவை அல்ல. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அகில இந்திய வானொலியின் செய்தி ஒலிபரப்பையும் அதன் எழுத்து வடிவத்தையும் பொருத்திப் பார்த்து, 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேற்பட்ட ‘ஸ்ருதிலிபி’ தொகுப்பை உருவாக்கியது. அதில் தமிழும் உண்டு. ஆனால் செய்தி வாசிப்பவரின் தமிழ் எழுதி வைத்துப் படிக்கும் தமிழ். அதைக் கேட்டு வளர்ந்த மாதிரி, ‘வந்துட்டாங்க’ என்பதைக் கேட்டாலும் ‘வந்துவிட்டார்கள்’ என்று எழுத முயலும். அந்தக் குறையை உணர்ந்தே பின்பு ‘இண்டிக்வாய்சஸ்’ வந்தது. 22 மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசுவதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். 2024இல் வெளியிட்டபோது 145 மாவட்டங்களை எட்டியிருந்தது. மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கும் பணியைக் கணியம் அறக்கட்டளை நண்பர்கள் விடாமல் ஊக்கப்படுத்தினார்கள். பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இந்தக் கருவிகளைப் பழக்குகிறது. டெர்மினலைக் கண்டு பயப்படாத ஒரு தலைமுறை இந்தப் பக்கத்தில் உருவாகிவருவதற்கு இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கரைக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சில் உட்கார்ந்து பேசுபவரின் பேச்சோடு காற்றும் பேசும். விஸ்பரின் பெரிய குறை, பேச்சில்லாத இடத்திலும் எதையாவது எழுதுவது. பேசுபவர் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அலை இரைகிறது. எழுத்துப்படியில் ஒரே சொல் ஐந்தாறு தடவை வரிசையாக நிற்கும், அல்லது யாருமே சொல்லாத ‘நன்றி’ வரும். பேச்சிருக்கும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து அதை மட்டும் கொடுக்கும் ‘சிலேரோ’ போன்ற சல்லடைகள் இதைக் குறைக்கும். ஆனால் சல்லடை இன்னொன்றைத் தின்றுவிடும். மௌனத்துக்கு எழுத்துப்படியில் இடமில்லை. மௌனத்தைத் தேடி வெட்டித் தள்ளுவதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன, யூடியூப் பாடங்களுக்கு அவை நல்லவை. சுனாமியைப் பற்றிப் பேசும் ஒருவரிடம் அதை ஓட்டுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். நான் செய்தது நேரெதிர் வேலை. ஒரு வரியின் முடிவு நேரத்துக்கும் அடுத்த வரியின் தொடக்க நேரத்துக்கும் இடையே மூன்று நொடிக்கு மேல் இருந்தால் அந்த இடத்தைத் தனியே எழுதித் தரச் சொல்லிப் பத்து வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். பேட்டியின் முக்கியமான இடங்களை அது சொல்தேடலைவிடச் சரியாகக் காட்டிக் கொடுத்தது.

அடுத்து, ஊர்ச் சொற்கள். சுருக்குமடி வலைக்குத் தமிழக அரசு 2000இல் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனை போட்டு இடைக்கால அனுமதி தந்தது. தேவனாம்பட்டினத்தில் யாரிடம் பத்து நிமிடம் பேசினாலும் அந்தச் சொல் வந்துவிடும். கணினி அதை ‘சுருக்கு மடி’ என்று பிரித்தது, ‘சுருக்கமா முடி’ என்றும் எழுதியது. இரண்டாவதைத் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. காற்றின் பெயர்களும் அப்படித்தான். வாடை தப்பித்தது. கொண்டல் ‘கொண்டால்’ ஆயிற்று. ‘வூடு’ சில இடத்தில் வீடு, சில இடத்தில் ஊடு. சொல் தப்பாக எழுதப்பட்ட இடத்தில் தேடல் போய்ச் சேராது, தேடல் போகாத இடம் படத்தில் வராது. இந்த முறையில் நான் மிகவும் அஞ்சும் விஷயம் இதுதான். வானொலித் தமிழுக்கு அருகில் பேசுபவர் படத்தில் அதிகம் வருவார், பல்லுப் போன கிழவர் காணாமல் போவார். வெட்டியவருக்குக்கூட அது தெரியாது. விஸ்பருக்கு முன்கூட்டியே சில சொற்களைக் குறிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் அதற்கும் மேற்சொன்ன துணுக்கு வரம்பு உண்டு என்பதால், இருபது முப்பது சொற்களுக்கு மேல் கொடுத்துப் பயனில்லை. மிச்சத்தை மனிதர்தான் திருத்த வேண்டும்.

தேடுவதிலும் தமிழுக்கென்று ஒரு கைப்பழக்கம் வேண்டும். ‘கடல்’ என்று தேடினால் ‘கடலுக்கு’ கிடைக்காது. முதலாவதில் லகரத்துக்குப் பின் புள்ளி நிற்கிறது, இரண்டாவதில் உகரக் குறி. புள்ளியை எடுத்துவிட்டு ‘கடல’ என்று தேட வேண்டும், அப்போது கடல், கடலுக்கு, கடல்ல, கடலோரம் எல்லாம் வரும். ‘படகு’க்குப் பதில் ‘படக’. இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொண்டல்’ என்பதில் உள்ள ‘கொ’வை இருவிதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலுக்கு இரண்டும் வேறு. ஒரே சொல்லை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றவர் வேறொன்றிலும் திருத்தியிருந்தால் பாதி இடங்கள் கிடைக்காமல் போகலாம். கோப்பு முழுவதையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடுவதே வழி. பைத்தானில் அது ஒரு வரி.

இவையெல்லாம் தொல்லைகள், தீர்த்துவிடலாம். வெட்டும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘தண்ணி ஊருக்குள்ள வரும்னு எங்களுக்கு யாரும் சொல்லல.’ எழுத்துப்படியில் இது இரண்டு வரியாக உடைந்து வரலாம். முதல் வரி ‘தண்ணி ஊருக்குள்ள வரும்னு’ என்று நிற்கும். ‘தண்ணி’ என்று தேடியவர் அந்த வரியை மட்டும் வெட்டினால், கடைசியில் இருக்கும் ‘னு’ காற்றிரைச்சலில் அமுங்கிவிடும். கேட்பவர் காதில் விழுவது: தண்ணி ஊருக்குள்ள வரும். அவர் சொன்னதற்கு நேரெதிர். எச்சரிக்கையே இல்லாமல் மாட்டிக்கொண்டவரை, முன்பே தெரிந்தும் இருந்தவராக ஆக்கிவிட்டோம்.

இதே பேச்சு ஆங்கிலத்தில் வந்திருந்தால், யாரும் சொல்லவில்லை என்ற பகுதி முன்னாலேயே வந்திருக்கும். பின்னால் வெட்டினாலும் மறுப்பு தப்பித்திருக்கும். தமிழில் மறுப்பு, ஐயம், பிறர் சொன்னது என்ற அடையாளம் மூன்றும் வாக்கியத்தின் வாலில்தான் தொங்குகின்றன. ‘செத்துட்டாங்கன்னு சொன்னாங்க’ என்பது வதந்தி. ‘செத்துட்டாங்க’ என்பது மரணச் செய்தி. ‘கடலுக்குப் போகல’ என்பதில் மறுப்பு முழுவதும் கடைசி ‘ல’வில் இருக்கிறது, கால் நொடிகூட இல்லாத ஒரு ஒலி. விஸ்பரின் நேரக்குறிப்பு, வரி முடியும் இடத்தில் அதைவிட அதிகமாகவே பிசகும். எழுத்துப்படியில் ‘போகல’ என்று சரியாக இருந்தும் வீடியோவில் ‘போக’ என்பதோடு நின்றுபோன இடங்களை நான் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்புகிறவருக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தத் துண்டும் வினைமுற்றில்தான் முடிய வேண்டும். எச்சத்தில் வெட்டக் கூடாது. ‘னு’வில் முடியும் வரி தானாகவே அடுத்த வரியோடு சேர்ந்துகொள்ளும்படி நிரலை எழுதினோம். ‘ஆனா’, ‘இல்லனா’, ‘அப்படினு’ என்று தொடங்கும் வரி வந்தால் முந்தைய வரியும் கூடவே வர வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கால் நொடி, பின்னால் அரை நொடி விளிம்பு. உலகத்து நிரல்களில் முன்னும் பின்னும் ஒரே அளவு விளிம்பு விடுவது வழக்கம், தமிழுக்குப் பின்னால்தான் கூடுதலாக வேண்டும். கோர்த்து முடித்த பிறகு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு துண்டின் கடைசி இரண்டு நொடியை மட்டும் வரிசையாக ஒட்டி ஒரு தனி ஒலிக்கோப்பாக எடுத்துக் கேட்போம். நாற்பது துண்டு என்றால் எண்பது நொடி. அந்த எண்பது நொடியை ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதும் விதியில் சேர்த்தி.

வெட்டும் நுட்பத்தில் மற்றொன்று. வீடியோவை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டினால் வேலை நொடியில் முடியும். ஆனால் அப்படி வெட்டுவது கீஃபிரேம் (முழுப் படமாகச் சேமித்த சட்டகம்) இருக்கும் இடத்தில்தான் விழும், அது நாம் கேட்ட இடத்துக்குச் சில நொடி தள்ளி இருக்கலாம். ஒத்திகைக்கு அது போதும். கடைசிப் பிரதிக்கு நேரமானாலும் மறுசுருக்கம்தான் செய்ய வேண்டும். வாலில் பொருள் வைத்திருக்கும் மொழியில் நொடிக்கணக்கைத் தளர விட முடியாது.

பேசியதைப் பேசியபடியே எழுதலாமா, திருத்தமான தமிழில் எழுதலாமா என்ற கேள்வியும் இந்த வேலையில் எழுகிறது. செலவைப் பார்த்தால் திருத்தமான தமிழ் வசதி: தேடச் சுலபம், எழுத்து ஒருமை இருக்கும். நான் பேசியபடியே என்ற கட்சி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையம் வட்டார வழக்குகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மரபு நம் மாவட்டத்துக்கே உரியது. அதற்கும் வெகு முன்னால் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அன்று புழங்கிய பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது. தேவனாம்பட்டினத்துச் செய்திகள் அதில் அடிக்கடி வரும். 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய புனித டேவிட் கோட்டை இங்கேதான் இருந்தது. கோட்டைக்குள் உட்கார்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய ஆலோசனைகள் நாள்வாரியாகப் பதிவாகி, பின்னர் அச்சிலும் ஏறின. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை நிலத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பது குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் இருக்கிறது. அதே கரையில் வலை இழுத்தவர்கள் என்ன பேசினார்கள் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. இன்றைக்கு ஒரு கைப்பேசியும் பழைய மடிக்கணினியும் போதும் என்ற நிலை வந்த பிறகும் அவர்கள் பேச்சைச் செய்தித் தமிழாக்கி வைத்தால், வருங்காலத்தில் யாரும் ‘வூடு’ என்று தேடப்போவதில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எழுத்துப்படி பேசியபடியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கோப்பில் சொல் இணைப்பட்டியல் ஒன்று: வூடு என்றால் வீடு, ஊடு; கொண்டல் என்றால் கொண்டால். தேடும்போது நிரல் பட்டியலைப் பார்த்து எல்லா வடிவத்தையும் தேடும். தேடல் விரியும், பேச்சு மாறாது. ஒரு ஊரில் செய்த பட்டியலை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கோ கிள்ளைக்கோ போனால் அங்கே பாதியாவது பயன்படும், மிச்சத்தை அந்த ஊரார் சேர்ப்பார்கள். 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயலைப் பற்றிய பேச்சுக்கும் இதே பட்டியல் உதவும்.

இப்போது அந்தப் பட்டியலை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒரு ஆயா, கணினி ‘கொண்டால்’ என்று எழுதியிருந்த வரியைக் கேட்டுவிட்டு, “கொண்டால் இல்லப்பா, கொண்டக்காத்து, கெழக்கேர்ந்து வருமே” என்று கையை நீட்டிக் கடலைக் காட்டினார். ‘கொண்டக்காத்து’ என்பது பட்டியலில் இல்லை. எழுதிக்கொண்டேன். அவர் பேச்சிலேயே இன்னும் மூன்று இடம் கேள்விக்குறியோடு நிற்கிறது. அதில் ஒன்று அவருக்கே சரியாகக் கேட்கவில்லை, காற்று பலமாக இருந்திருக்கிறது. திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்.